பகல் கச்சேரியும் முதலுதவிக் கூடாரமும்

எங்கள் ஊரில் நடந்த அந்த மூன்று நாள் சங்கீத விழாவைப் பற்றி யாராவது பெருமையாகப் பேச ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். தூத்துக்குடியில் அதற்கு முன்னும் அப்படி ஒரு கூட்டம் கூடியதில்லை, பின்னும் கூடியதில்லை என்பார்கள். பாட்டுக்காரரின் குரல் துறைமுகம் வரைக்கும் கேட்டது என்பார்கள். கேட்டிருக்கலாம். நான் மேடையிலிருந்து நூறு அடி தூரத்தில் இருந்தேன். ஒரு பாட்டைக்கூட முழுதாகக் கேட்கவில்லை. என் மடியில் எப்போதும் யாராவது ஒருத்தியின் தலை இருந்தது.

யுத்த காலம். எனக்கு இருபத்துநான்கு வயது. ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. ஊரில் அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. ஆஸ்பத்திரியில் பஞ்சுக்குக்கூடத் தட்டுப்பாடு. நல்ல பஞ்சு எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விடும். இந்தச் சமயத்தில்தான் ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு யுத்த நிதிக்காக சங்கீத விழா நடத்த வேண்டும் என்று தோன்றியது. நிதி ஒரு சாக்கு. கலெக்டருக்குப் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொள்ள வேறு வழி அவர்களுக்கு அகப்படவில்லை.

கடற்கரை ஊர் என்பதால் அப்போது எங்களுக்கு இருட்டடிப்பு உத்தரவு இருந்தது. பொழுது சாய்ந்தபின் வெளியில் விளக்குப் போடக் கூடாது. அதனால் கச்சேரியைப் பகலிலேயே நடத்துவது என்று கமிட்டி முடிவு செய்தது. சித்திரை மாதம். மத்தியானம் இரண்டு மணி. இடம், உப்பளத்தை ஒட்டிய பொட்டல். நிழலுக்கு ஒரு உடைமரம்கூடக் கிடையாது. வெள்ளைத் தரை, மேலே இருந்து அடிக்கிற வெயில் போதாது என்று கீழே இருந்தும் கண்ணில் அடிக்கும். இதைப் பார்த்து, படித்த மனிதர் பதினைந்து பேர் கூடி, பொருத்தமான இடம் என்று தீர்மானம் போட்டார்கள்.

அந்தக் கமிட்டிக் கூட்டம் ஒன்றுக்கு எங்கள் ஆஸ்பத்திரி டாக்டர் என்னையும் கம்பவுண்டரையும் கூட்டிக்கொண்டு போனார். கம்பவுண்டர் ஐம்பது தாண்டியவர். துறைமுக ஆஸ்பத்திரியில் வெகுகாலம் வேலை பார்த்துவிட்டு எங்களிடம் வந்தவர். நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். நாங்கள் இருவரும் சுவரோரம் நின்றோம். உட்காரச் சொல்ல யாருக்கும் நினைவு வரவில்லை. பாட்டுக்காரருக்குப் பாலில் மிளகு போடுவதா குங்குமப்பூ போடுவதா என்பதைப் பற்றி அரை மணி நேரம் பேசினார்கள். எந்த அளவு மாலை, யார் போடுவது என்பதைப் பற்றி இன்னொரு அரை மணி. கடைசியில் எல்லோரும் எழுந்திருக்கிற நேரத்தில் செயலாளர் எங்கள் பக்கம் திரும்பினார். அவர் வக்கீல். கோர்ட்டில் பேசுகிற மாதிரியே வீட்டிலும் பேசுவார் என்று கேள்வி.

"டாக்டர் ஒரு முதலுதவிக் கூடாரம் போட்டுவிடுவார். சிலுவைக் கொடி பெரிதாக இருக்கட்டும். கலெக்டர் காரை விட்டு இறங்கும்போது கண்ணில் பட வேண்டும்."

"தண்ணி எங்கன வைக்கப் போறிய?" என்று அண்ணாச்சி கேட்டார்.

செயலாளர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தண்ணீருக்கு ஏற்பாடு இருக்கிறது."

"எத்தனை இடத்துல?"

"ஏற்பாடு இருக்கிறது என்று சொன்னேனே."

அதோடு சுகாதாரம் பற்றிய ஆலோசனை முடிந்தது.

கூடாரம் மேடைக்குப் பின்னால், பாட்டுக்காரர் இளைப்பாறுகிற அறைக்கு அடுத்து அமைந்தது. ஜனங்கள் உட்காருகிற இடத்திலிருந்து அங்கே வர வேண்டுமானால் இரண்டு கயிற்றுத் தடுப்பைத் தாண்ட வேண்டும். தடுப்புக்கு ஒரு தொண்டர் கம்போடு நிற்பார். உள்ளே எங்களுக்குக் கொடுத்திருந்தது ஒரு மேசை, இரண்டு கட்டில், ஒரு ஸ்ட்ரெச்சர், டிங்சர், அம்மோனியா பாட்டில், ஒரு பாட்டில் பிராந்தி, ஒரு டின் குளுக்கோஸ், ஒரு மண்பானைத் தண்ணீர். இவை போக ஆறு நாற்காலி. நாற்காலிகள் கமிட்டித் தலைவரின் மனைவிக்கும் அவருடைய சிநேகிதிகளுக்கும். அந்த அம்மாள்தான் முதலுதவிக் குழுத் தலைவி. ரவிக்கையில் சிவப்புச் சிலுவை குத்திக்கொண்டு, கையில் விசிறியோடு, மூன்று நாளும் வந்து உட்கார்ந்தார். முதல் நாள் ஒரு தொண்டனுக்குக் காலில் ஆணி குத்தி ரத்தம் வந்தபோது அதைப் பார்த்து அவருக்குத் தலை சுற்றியது. எங்கள் முதல் நோயாளி அவர்தான்.

அந்த முதல் நாளில் நான் செய்த காரியம் ஒன்றையும் சொல்ல வேண்டும். மற்றவர்களை மட்டும் ஏசிவிட்டுப் போவது யோக்கியமில்லை.

நாலு மணி வாக்கில் துறைமுகத்தில் மூட்டை சுமக்கிற ஆள் ஒருவரை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தார். கால் சதை கட்டையாக இழுத்துக்கொண்டிருந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கமே தொண்டன் நிறுத்திவிட்டான். டிக்கெட் இல்லாமல், வேலிக்கு வெளியே நின்று கேட்ட ஆட்கள் அவர்கள். நான் ஓடிப் போனேன். செயலாளரும் வந்தார். கலெக்டர் இன்னும் பத்து நிமிஷத்தில் கூடாரத்தைப் பார்வையிட வரப்போகிறார் என்றார்.

"கட்டிலில் இந்த அழுக்கு ஆளைப் போட்டு வைத்திருந்தால் நன்றாக இருக்குமா நர்ஸ்? ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்."

ஆஸ்பத்திரி ஒன்றரை மைல். எனக்கு அது தெரியும். ஆனாலும் நான், "ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க, அங்கன ஆள் இருக்கு" என்றேன். ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தேன். அவர்கள் அதை அவர் வாயில் ஊற்றினார்கள். தூக்கிக்கொண்டு வந்த வழியே போனார்கள். அவர் ஆஸ்பத்திரிக்கு வரவே இல்லை என்று மறுநாள் நோட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். யார், எங்கே போனார், என்ன ஆனார், எதுவும் தெரியாது. அண்ணாச்சி அன்று என்னிடம் கோபிக்கவில்லை. "கப்பல்ல கரி அள்ளுதவனுக்கு இப்படித்தான் இழுக்கும். உப்புத் தண்ணி குடுத்தா அரை மணியில எந்திரிச்சிருப்பான்" என்று மட்டும் சொன்னார். கோபித்திருந்தால் தேவலை.

இரண்டாம் நாள் கூட்டம் குறைவு. உள்ளூர் வித்வான்கள் பாடினார்கள். உள்ளூர்க்காரர்களை யார் மதிக்கிறார்கள். மெட்ராஸிலிருந்து வருகிற பெரிய பாட்டுக்காரருக்கு மூன்றாம் நாள்.

அன்றைக்கு விடிந்ததிலிருந்து ஜனங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். வேம்பாரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். காயல்பட்டினத்திலிருந்தும் பாஞ்சாலங்குறிச்சிப் பக்கத்திலிருந்தும் நடந்தே வந்தார்கள். பத்து மணிக்கெல்லாம் பொட்டலில் தரை தெரியவில்லை. பெரிய மனிதர்களின் சோபாக்களுக்கு மேல் மட்டும் பந்தல். பந்தலைச் சுற்றி வெட்டிவேர்த் தட்டி. அதை நனைக்கவும் புழுதி எழும்பாமல் தரையில் தெளிக்கவும் ஏழெட்டுப் பீப்பாய்த் தண்ணீர். செயலாளர் சொன்ன ஏற்பாடு அதுதான். ஊருக்கே குழாய்த் தண்ணீர் முறை வைத்து வருகிற காலம் அது. குடிதண்ணீரைத் தரையில் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

பெண்களுக்குத் தனி அடைப்பு. ஆண்கள் பார்வை படக் கூடாது என்று நாலு பக்கமும் ஆள் உயரத்துக்குப் பனையோலைத் தட்டி கட்டி, ஒரே ஒரு வாசல் வைத்திருந்தார்கள். பெரிய வீட்டுப் பெண்கள் சோபாவில் எல்லோர் பார்வையிலும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு அந்தக் கவலை இல்லை போல. அடைப்புக்குள் இருந்தவர்கள் உப்பளத்தில் வேலை செய்கிற பெண்கள், மீன்காரப் பெண்கள், கைக்குழந்தைக்காரிகள். அவர்களுடைய மானத்தைத்தான் வக்கீல் காப்பாற்ற வேண்டியிருந்தது. காற்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் தட்டி தடுத்துவிடும். மத்தியானம் இன்னும் பெண்கள் உள்ளே நுழையப் பார்த்ததால் தொண்டர்கள் வாசலைச் சாத்திச் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். சாவி தொண்டர் படைத் தலைவர் பையில். அவர் பாட்டுக்காரரை அழைத்து வரப் பங்களாவுக்குப் போய்விட்டார்.

இரண்டு மணி ஆயிற்று. மூன்று ஆயிற்று. பாட்டுக்காரர் தூங்குகிறார் என்றார்கள். பிறகு குளிக்கிறார் என்றார்கள்.

மூன்றரை இருக்கும். அடைப்புப் பக்கம் ஒரு சத்தம் கேட்டு நான் கயிற்றைத் தாண்டிப் போனேன். ஓலைத் தட்டிக்கு மேலே இரண்டு கைகள் ஒரு குழந்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. ஆளைப் பார்க்க முடியவில்லை, கைகள்தான்.

"யாராவது பிடிங்களேன்! பிள்ளைக்குக் கண்ணு சொருகுது!"

நான் வாங்கினேன். நெருப்பாக இருந்தது அதன் உடம்பு. அதற்குள் இன்னொரு குழந்தை தட்டிக்கு மேலே வந்தது. அப்புறம் மூன்றாவது. அண்ணாச்சி ஒன்றையும், பக்கத்தில் பதநீர் விற்றுக்கொண்டிருந்த ஆள் ஒன்றையும் வாங்கினார்கள். உள்ளே இருந்து, "தண்ணி, தண்ணி" என்று ஒரே குரல். எங்கள் மண்பானை அரை மணியில் காலியாகிவிட்டது. குழந்தைகளை ஈரத்துணியில் சுற்றிக் கட்டிலில் போட்டுவிட்டு, பந்தலுக்குப் போய்ப் பீப்பாய் கேட்டேன்.

"அது சோபா பக்கம் தெளிக்கதுக்கு" என்றான் தொண்டன்.

அண்ணாச்சி அவனைத் தாண்டிப் போனார். பீப்பாயைச் சாய்த்தார், உருட்டிக்கொண்டு நடந்தார். பாதித் தண்ணீர் வழியிலேயே சிந்திற்று. தொண்டன் பின்னாலேயே, "ஏ பெரியவரே, ஏ பெரியவரே" என்று கத்திக்கொண்டு வந்தானே தவிரத் தொடவில்லை. ஆனால் தண்ணீரை உள்ளே எப்படிக் கொடுப்பது? தட்டிக்கு மேலே செம்பை நீட்டினால் நாற்பது கை வந்து பிடித்தது. செம்பு உள்ளே விழுந்தது. அதோடு போயிற்று.

அந்த நேரம் பார்த்துப் பாட்டுக்காரரின் கார் வந்தது. மொத்தக் கூட்டமும் எழுந்தது. ஆண்கள் முண்டியடித்துக்கொண்டு வந்து பெண்களின் அடைப்பு மேலே சாய்ந்தார்கள். தட்டி உள்பக்கமாக வளைந்தது. உள்ளே ஓலம். வெளியே கைதட்டல். ஒலிபெருக்கியில் செயலாளர் வரவேற்புரை படித்தார். ஸ்ட்ரெச்சரை எடுக்கலாம் என்று கூடாரத்துக்கு ஓடினேன். ஸ்ட்ரெச்சரைக் காணோம். மாலைகளையும் வெள்ளித் தட்டையும் வைத்து நாலு தொண்டர்கள் அதில் மேடைக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

டாக்டர் முன் வரிசையில் இருந்தார். நான் குனிந்துகொண்டே போய் அவர் காதில் சொன்னேன். அவர் கண்ணை மேடையிலிருந்து எடுக்காமல், "எத்தனை பேர்?" என்றார்.

"உள்ள போகவே முடியல டாக்டர். வாசல் பூட்டியிருக்கு."

"அம்மோனியா காட்டுங்கள். நான் பாட்டு முடிந்ததும் வருகிறேன். கலெக்டர் பக்கத்தில் இருக்கிறார், இப்போது எழுந்தால் நன்றாக இருக்காது."

செயலாளர் மேடைப் படியில் நின்று தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். தாளமே இல்லாத ஆலாபனைக்குத் தாளம் வேறு போட்டுக்கொண்டிருந்தார். தொண்டர் படைத் தலைவரிடமிருந்து சாவியை வாங்கித் தரச் சொல்லி அவரிடம் கேட்டேன்.

"ஆலாபனை போய்க்கொண்டிருக்கிறது. முடியட்டும்."

"உள்ள ஆளுக மயங்கி விழுதாக சார்."

"வாசலைத் திறந்தால் எல்லோரும் ஓடி வருவார்கள். கச்சேரி கெட்டுப்போகும். பத்து நிமிஷம் பொறுக்க முடியாதா?"

அந்த நிமிஷத்தில் எனக்கு வந்தது தைரியம் அல்ல. அருவருப்பு. அந்த ஆள் முகத்தை இன்னொரு வினாடி பார்க்கக் கூடாது என்றுதான் திரும்பினேன். கூடாரத்துக்குள் போய்க் கட்டுத்துணி வெட்டுகிற கத்தரியை எடுத்தேன். தட்டியின் பின்பக்கம் போய் மூங்கிலில் கட்டியிருந்த கயிற்றை அறுக்க ஆரம்பித்தேன். தேங்காய்நார்க் கயிறு. மொண்ணைக் கத்தரி. ஒரு முடிச்சை அறுப்பதற்குள் கை கொப்பளித்துவிட்டது. அண்ணாச்சி பதநீர்க்காரரிடம் பாளை சீவுகிற அரிவாளை வாங்கிக்கொண்டு வந்தார். "தள்ளுங்க நர்ஸம்மா" என்று சொல்லி நாலு வெட்டு வெட்டினார்.

"ஏளா, உள்ள இருந்து எல்லாரும் சேந்து மிதிங்களா!" என்று நான் கத்தினேன்.

மிதித்தார்கள். உப்பு மிதித்துப் பழகிய கால்கள். தட்டி முழுசாக வெளிப்பக்கம் சாய்ந்தது. பெண்கள் கொட்டினார்கள். நடக்க முடிந்தவர்கள் முடியாதவர்களை இழுத்துக்கொண்டு, நிழல் எங்கே தெரிந்ததோ அங்கே போனார்கள். நிழல் இருந்தது ஒரே இடத்தில்தான். பெரிய மனிதர்களின் பந்தலில், கம்பளத்தின் மேல், சோபாக்களின் காலடியில் போய் விழுந்தார்கள். சிலர் வாந்தி எடுத்தார்கள். சோபாவில் இருந்தவர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்கள்.

பாட்டுக்காரர் கண்ணைத் திறந்து பாட்டை நிறுத்தினார். "என்ன இது?" என்று அவர் கேட்டது ஒலிபெருக்கியில் எல்லோருக்கும் கேட்டது.

செயலாளர் ஒரே தாவில் மேடை ஏறினார். அவர் சொன்னதை என் காதால் கேட்டேன். "மகா ஜனங்களே, கவலை வேண்டாம்! வித்வானின் தெய்வீக சங்கீதத்தில் மெய்மறந்து நம் தாய்மார்கள் மயங்கி விழுகிறார்கள்!"

கூட்டம் கை தட்டிற்று. ஐந்து நிமிஷம் விடாமல் தட்டிற்று. பாட்டுக்காரர் அடக்கமாகக் கும்பிட்டுவிட்டு அடுத்த பாட்டை எடுத்தார். அவர் நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நம்பியிருப்பார். அப்படிப்பட்ட செய்தியை நம்பாமல் இருப்பது எந்தப் பாடகருக்கும் கஷ்டம்.

நாங்கள் வேலையைப் பார்த்தோம். முதலுதவிக் குழுத் தலைவியின் நாற்காலிகளை வெளியே வீசிவிட்டு அந்த இடத்தில் பெண்களைக் கிடத்தினோம். அந்த அம்மாளும் சிநேகிதிகளும் எப்போதோ போய்விட்டிருந்தார்கள்; பிராந்தி பாட்டிலும் குளுக்கோஸ் டின்னும் பாட்டுக்காரர் அறைக்குப் போயிருந்தன. தண்ணீரைத் தொண்டர்களைக் கேட்காமலே எடுத்துக்கொண்டோம். உப்பு வேண்டும் என்றார் அண்ணாச்சி. தேறியிருந்த உப்பளப் பெண்கள் இருவர் எதிரே இருந்த உப்பு அம்பாரத்துக்கு ஓடி முந்தானை நிறைய அள்ளிக்கொண்டு வந்தார்கள். பதநீர்க்காரர் தம் இரண்டு குடத்தையும் அப்படியே எங்கள் முன்னால் வைத்துவிட்டு, தாமே ஒவ்வொருவர் வாயிலும் ஊற்றினார். உப்பு கலந்த தண்ணீர், அதற்கு மேல் ஒரு வாய் பதநீர். அதுதான் அன்றைய வைத்தியம் முழுவதும். குழந்தைகள் மூன்றும் அழ ஆரம்பித்தன. அந்த மூன்று நாளில் என் காதுக்கு இனிமையாக இருந்த சத்தம் அது ஒன்றுதான்.

கடைசியாக, அடைப்பில் வேறு யாரும் விட்டுப்போயிருக்கிறார்களா என்று பார்க்கப் போனேன். செருப்பும் செம்பும் ஓலையும் மிதிபட்டுக் கிடந்தன. எதிர்ப்பக்கத்து மூலையில், மூங்கில் கம்பத்தில் சாய்ந்து ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். நாற்பது வயது இருக்கும். தலையில் சேலையைப் போட்டிருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். சரிந்தாள்.

அவளைத் தரையில் கிடத்தி நானும் அண்ணாச்சியும் மாறி மாறி மார்பை அமுக்கி மூச்சு வரவைக்கப் பார்த்தோம். அம்மோனியா காட்டினோம். முகம் சிவந்து, தோல் காய்ந்திருந்தது; உடம்பின் சூடு மட்டும் அடங்கவில்லை. அண்ணாச்சி வெகுநேரம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். அப்புறம் அந்தக் கையை மெதுவாகத் தரையில் வைத்தார். உள்ளங்கை முழுக்க உப்பு அரித்த வெடிப்பு. மேடையில் பாட்டு நடந்துகொண்டிருந்தது.

பாட்டு முடிந்ததும் டாக்டர் வந்தார், சொன்ன சொல் தவறவில்லை.

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் அவர் என்னைக் கூப்பிட்டார். நான் நோட்டில் எழுதியிருந்தது மேசை மேல் விரித்துக் கிடந்தது. வெயில், அடைத்த இடம், தண்ணீர் இல்லாமை என்று எழுதியிருந்தேன். அவர் அதைக் கோடிட்டு அடித்துவிட்டு, நாள்பட்ட இருதய வியாதி என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்.

"இதில் நீங்களும் கையெழுத்துப் போடுங்கள்."

"அவளை நீங்க முன்ன பின்ன பாத்ததில்லையே டாக்டர்."

"நர்ஸ், தட்டியை வெட்டியதற்கே கமிட்டியில் கொதித்துக்கொண்டிருக்கிறார்கள். நான்தான் சமாதானம் சொல்லி வைத்திருக்கிறேன். போடுங்கள்."

போட்டேன். எங்கள் அப்பா சங்கு குளிக்கிறவர்; அந்த வருஷம் காது கெட்டு வீட்டோடு உட்கார்ந்துவிட்டார். தங்கைகள் இருவர். இதெல்லாம் காரணம். காரணம் இல்லாமல் யாரும் இந்த மாதிரி இடத்தில் கையெழுத்துப் போடுவதில்லை. செயலாளருக்கும் டாக்டருக்கும்கூட ஏதாவது காரணம் இருந்திருக்கும். அன்று முதல் அவர்களைக் கேவலமாக நினைக்கும்போதெல்லாம் என்னையும் சேர்த்தே நினைக்க வேண்டியிருந்தது.

அவள் இறந்து மூன்றாம் நாள் அவள் புருஷன் வந்தார். அவரும் உப்பளத்தில் வேலை செய்கிறவர். வெயிலில் வெந்து கறுத்த, ஒல்லியான ஆள். வராந்தாவில் என்னைத் தேடிப் பிடித்தார்.

"அவளுக்கு இருதயத்துல நோய்னு காயிதம் குடுத்திருக்காக. முந்தின நாள் வரைக்கும் உப்புப் பெட்டி சுமந்தா. நீங்கதான் பக்கத்துல இருந்தியளாம். என்ன ஆச்சுது அவளுக்கு?"

இருதய வியாதி என்றுதான் சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு உத்தரவு. நான் நடந்ததைச் சொன்னேன். பூட்டிய வாசல், தண்ணீர், பத்து நிமிஷம் பொறு என்று செயலாளர் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் காகிதத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது என்பதையும் சொன்னேன்.

அவர் மடியிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து என் முன்னால் விரித்தார்.

"கையெழுத்தும் போட்டுட்டு, பொறவு என்கிட்ட எதுக்குச் சொல்லுதிய?"

காகிதத்தை மறுபடி மடித்து மடியில் செருகினார்.

"என்கிட்ட சொன்னத அந்தக் கமிட்டிக்காரவுக முன்னால வந்து சொல்லுவியளா?"

"சொல்லுதேன்" என்றேன். வாய் சொல்லிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கமிட்டித் தலைவர் வீட்டுத் தோட்டத்தில் தேநீர் விருந்து. விழா வெற்றிகரமாக நடந்ததற்காக ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்வதற்கு. பத்திரிகையில் செய்தி வந்திருந்தது. முதலுதவி ஏற்பாடுகள் கண்டோர் வியக்கும்படி இருந்தனவாம், தலைவரின் மனைவி தாயினும் மேலாக நின்று சேவை செய்தாராம். அதற்காக அவருக்கு ஒரு பதக்கம். டாக்டருக்கு ஒரு சால்வை.

அவள் புருஷன் உப்பளத்து ஆட்கள் ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அண்ணாச்சியும் வந்தார், நான் கூப்பிடவில்லை. நாங்கள் தோட்ட வாசலில் போய் நின்றோம். பதக்கம் குத்துகிற நேரம். செயலாளர் எங்களைப் பார்த்து வேகமாக வந்தார்.

"என்ன நர்ஸ் இது? யார் இவர்கள்?"

"இவுக பெஞ்சாதிதான் அன்னைக்குச் செத்தது."

"அனுதாபம் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறார். இருதயம்."

"இருதயம் இல்ல சார். வெக்கை. பூட்டுன அடைப்பு. நான் சாவி கேட்டேன், ஆலாபனை முடியட்டும்னு நீங்க சொன்னிய. டாக்டர் எழுதுனது பொய். அதுல நான் போட்ட கையெழுத்தும் பொய்."

நினைத்ததைவிட உரக்கச் சொல்லிவிட்டேன். தலைவரின் மனைவி பதக்கத்தைக் கையால் மூடிக்கொண்டார். டாக்டர் எழுந்தார்; மறுபடியும் உட்கார்ந்தார்.

"இது அவதூறு" என்றார் செயலாளர். "கோர்ட்டில் நிற்க வேண்டியிருக்கும்."

"நிக்கேன். அரிவாளால வெட்டுனது நான். என்னையும் நிறுத்துங்க" என்றார் அண்ணாச்சி.

கோர்ட்டுக்கெல்லாம் போகவில்லை. அங்கே போனால் சாவி யாரிடம் இருந்தது என்று கேட்பார்கள் என்பது ஒரு வக்கீலுக்குத் தெரியாதா? அவள் புருஷன் அவர்களிடம் எதையும் கேட்கவில்லை. எல்லோர் முகத்தையும் ஒரு முறை பார்த்தார். "என் பெஞ்சாதி பாட்டுல மயங்கிச் சாகல. அத மட்டும் இனிமே எங்கேயும் சொல்லாதிய" என்றார். அவ்வளவுதான். ஆட்களைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

பத்து நாளில் எனக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. கமிட்டியின் சொத்தைச் சேதப்படுத்தியது, விருந்தினர் முன்னிலையில் மேலதிகாரியை அவமதித்தது. இரண்டும் உண்மை என்று எழுதிக் கொடுத்தேன். சாத்தான்குளத்து டிஸ்பென்சரிக்கு மாற்றினார்கள். கடல் பார்த்து வளர்ந்தவளைச் செம்மணல் தேரிக் காட்டுக்குப் பக்கத்தில் கொண்டு போட்டால் அடங்கிவிடுவாள் என்று எண்ணம். அங்கே ஒரு கொட்டகை, ஒரு கிணறு, நான். நாள் முழுவதும் ஆள் வரும். யாரையும் நான் கயிறு கட்டித் தடுக்க வேண்டியிருக்கவில்லை. அண்ணாச்சியை ஒன்றும் செய்யவில்லை. அவர் ஓய்வு பெற இன்னும் ஆறு மாதந்தான் இருந்தது.

மறு வருஷமும் விழா நடத்தினார்கள். அண்ணாச்சி கடிதம் எழுதியிருந்தார். உப்பளத்து ஆட்கள் தட்டி கட்டவும் பொட்டலைத் துப்புரவு செய்யவும் வர மறுத்துவிட்டார்களாம். பெண்களை அடைக்க மாட்டோம், பத்து இடத்தில் தண்ணீர்த் தொட்டி வைப்போம் என்று கமிட்டி ஒப்புக்கொண்ட பிறகுதான் வந்தார்களாம். அவள் புருஷன்தான் முன்னால் நின்று பேசினாராம். முதலுதவிக் கூடாரம் இந்தத் தடவை கூட்டத்தின் நடுவில். அதில் உப்பு ஒரு மூட்டை. திறப்பு விழாவில் செயலாளர், தாய்மார்களின் நலன் கருதித் தாமே சிந்தித்துச் செய்த புதிய ஏற்பாடுகள் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னாராம்.

"கேட்டுக்கிட்டு நின்னேன். சிரிப்பு வந்துச்சு. ஆனா ஒருத்தரும் மயங்கி விழல" என்று அண்ணாச்சி எழுதியிருந்தார்.

கடிதத்தை மடித்து வைத்துவிட்டு, வெளியே காத்திருந்தவர்களில் முதல் ஆளைக் கூப்பிட்டேன்.